ஸ்பானிஷ் கூட்டுக்காலங்கள்: ‘வந்திருக்கிறேன்’ என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி நிகழ்காலம், இறந்தகாலம் என்று சில அட்டவணைகளை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் கூட்டுக்காலங்கள் வந்துவிடும். கைக்குக் கிடைக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கில வழியில் இருப்பதால் ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’, ‘பாஸ்ட் பெர்ஃபெக்ட்’ என்ற பெயர்களோடுதான் அவை அறிமுகமாகின்றன. தமிழர்களுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. தமிழில் நாம் தினமும் பேசுகிற ‘வந்திருக்கிறேன்’, ‘வந்திருந்தேன்’, ‘வந்திருப்பேன்’ மூன்றும் ஸ்பானிஷின் கூட்டுக்காலங்கள் எப்படிக் கட்டப்படுகின்றனவோ ஏறக்குறைய அப்படியே கட்டப்பட்டவை.

‘வந்து’ என்ற வினையெச்சம் மாறுவதில்லை. காலமும் ‘நான், நீ, அவர்’ என்ற வேறுபாடும் ‘இரு’ என்ற துணைவினையில்தான் ஏறுகின்றன. ஸ்பானிஷிலும் இதே ஏற்பாடு. மாறாத எச்சம் ஒன்று, காலத்தையும் ஆளையும் சுமக்கும் துணைவினை ஒன்று. வரிசை மட்டும் தலைகீழ்: துணைவினை முன்னால் வரும், எச்சம் பின்னால் வரும். ‘ஏ பெனீதோ’ என்றால் வந்திருக்கிறேன். ‘அபீயா பெனீதோ’ என்றால் வந்திருந்தேன். ‘அப்ரே பெனீதோ’ என்றால் வந்திருப்பேன். மூன்றிலும் ‘பெனீதோ’ அசையவில்லை.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால், ‘ப’வை ‘பஸ்’ என்பதில் ஒலிப்பதுபோல் மென்மையாகவும், உயிருக்குப் பின் வரும் ஒற்றைத் ‘த’வை ‘காது’ என்பதில் ஒலிப்பதுபோலவும் படியுங்கள். ‘த்த’ என்று இரட்டித்திருந்தால் வல்லொலி. ‘புயேஸ்தோ’, ‘புயேர்த்தா’, ‘பெரூ’, ‘பாரா’, ‘பசாதா’, ‘பெர்தீதோ’, ‘அபேனாஸ்’, ‘எஸ்பேரோ’, ‘சியேம்ப்ரே’, ‘ரொம்பீதோ’, ‘இம்ப்ரேசோ’, ‘இம்ப்ரிமீதோ’ ஆகியவற்றிலும் ‘ப்ரொப்லேமாஸ்’ என்பதன் தொடக்கத்திலும் மட்டும் ‘ப’வை ‘படம்’ என்பதில்போல் வல்லொலியாகப் படியுங்கள். ‘காது’வில் நம் நாக்கு செய்கிற வேலை ‘பெனீதோ’வுக்குச் சரியாகப் பொருந்தும்.

துணைவினையின் பெயர் ‘அபேர்’. எழுதும்போது முன்னால் ஹெச் எழுத்து உண்டு, ஆனால் ஸ்பானிஷில் அது ஒலிப்பதில்லை. லத்தீனில் ‘உடைமையாக வைத்திரு’ என்ற பொருள் தந்த வினையிலிருந்து வந்தது. அந்தப் பொருளை இன்றைய ஸ்பானிஷில் ‘தெனேர்’ என்ற வேறொரு வினை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆங்கிலத்தில் இரண்டு வேலைக்கும் ஒரே சொல் என்பதால், ‘சாப்பிட்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘தெங்கோ கொமீதோ’ என்று சொல்லிவிடுகிறார்கள். ‘ஏ கொமீதோ’ என்பதே சரி.

அபேரின் நிகழ்கால வடிவங்களை முதலில் மனத்தில் பதிக்க வேண்டும்: நான் ‘ஏ’, நீ ‘ஆஸ்’, அவர் ‘ஆ’, நாம் ‘ஏமோஸ்’, நீங்கள் ‘அபேய்ஸ்’, அவர்கள் ‘ஆன்’. இதில் ‘அபேய்ஸ்’ ஸ்பெயினில் நெருக்கமானவர்களைப் பன்மையில் அழைக்கும்போது மட்டும் வருவது. லத்தீன் அமெரிக்காவில் அதற்கும் ‘ஆன்’தான். அர்ஜென்டினாவில் ‘நீ’க்கு ‘போஸ்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினாலும் வினை ‘ஆஸ்’ என்றே இருக்கும், கூடுதலாகப் படிக்க ஒன்றுமில்லை.

இந்த ஆறு வடிவங்களை நன்றாகப் பிடித்துக்கொண்டால் எதிர்காலமும் பாதி கைவசமாகிவிடும். ஸ்பானிஷின் எதிர்கால விகுதிகள் பிறந்ததே இவற்றிலிருந்துதான். பழைய காலத்தில் வினையின் முழு வடிவத்தோடு ‘ஏ, ஆஸ், ஆ’ என்பவை பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாயின. ‘நான் பாடுவேன்’ என்னும் ‘கந்த்தரே’யின் கடைசி ‘ஏ’ இந்த அபேர்தான்.

அபேரின் மற்ற காலங்கள்: ‘அபீயா, அபீயாஸ், அபீயா, அபீயாமோஸ், அபீயாய்ஸ், அபீயான்’ கடந்தகாலத்துக்கு. ‘அப்ரே, அப்ராஸ், அப்ரா, அப்ரேமோஸ், அப்ரேய்ஸ், அப்ரான்’ எதிர்காலத்துக்கு. ‘அப்ரீயா, அப்ரீயாஸ், அப்ரீயா, அப்ரீயாமோஸ், அப்ரீயாய்ஸ், அப்ரீயான்’ நிபந்தனைக்கு. நானும் அவரும் ‘அபீயா’விலும் ‘அப்ரீயா’விலும் ஒரே வடிவம் என்பதால், யார் என்று தெளிவில்லாத இடத்தில் ‘யோ’ (நான்), ‘எல்’ (அவன்), ‘எயா’ (அவள்) என்று ஆளைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

எச்சத்தை உருவாக்குவது

ஸ்பானிஷ் வினைகள் ஆர், ஏர், ஈர் என்ற மூன்று முடிவுகளில் ஒன்றைக் கொண்டவை. ஆர் போய் ‘ஆதோ’ வரும்: அப்லார், அப்லாதோ (பேச, பேசி). ஏர், ஈர் இரண்டும் போய் ‘ஈதோ’ வரும்: கொமேர், கொமீதோ (சாப்பிட, சாப்பிட்டு), பிபீர், பிபீதோ (வாழ, வாழ்ந்து). நிகழ்காலத்தில் படாத பாடு படுத்தும் வினைகள்கூட இங்கே பெரும்பாலும் ஒழுங்காக நடந்துகொள்கின்றன. ‘போ’ என்பதற்கு ‘ஈதோ’, ‘இரு’ என்பதற்கு ‘சீதோ’. அவ்வளவுதான். ‘லெயீதோ’ (படித்து), ‘கயீதோ’ (விழுந்து), ‘த்ரயீதோ’ (கொண்டுவந்து) போல முன்னால் அ, எ, ஓ ஒலி இருந்தால், எழுதும்போது ‘ஈ’யின் மேல் அழுத்தக் குறி கட்டாயம். அதை விடுவது தேர்வுகளில் வீணாக மதிப்பெண் போகும் இடம்.

ஒழுங்கு மீறுபவை ஒரு டஜனுக்குச் சற்று மேலே. தொல்லை என்னவென்றால் அன்றாடம் அதிகம் தேவைப்படும் வினைகளே அவை. பார்த்து: பீஸ்தோ. சொல்லி: தீச்சோ. செய்து: ஏச்சோ. எழுதி: எஸ்க்ரீத்தோ. வைத்து: புயேஸ்தோ. திரும்பி: புயேல்த்தோ. திறந்து: அபியேர்த்தோ. மூடி: குபியேர்த்தோ. உடைந்து, உடைத்து: ரோத்தோ. இறந்து: முயேர்த்தோ. தீர்த்து: ரெசுயேல்த்தோ. ஸ்பானிஷ் பேசும் வீடுகளில் சிறு குழந்தைகள் ‘ரோத்தோ’ என்பதற்குப் பதில் ‘ரொம்பீதோ’ என்று ஒழுங்குப்படுத்திச் சொல்வது சாதாரணம். புதிதாகப் படிக்கும் பெரியவர்களும் அதே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

இந்த வடிவங்கள் தம் வழித்தோன்றல்களுக்கும் பொருந்தும். ‘எழுது’ வினையோடு முன்னொட்டு சேர்ந்து ‘விவரி’ என்றாகும் ‘தெஸ்க்ரிபீர்’, ‘தெஸ்க்ரீத்தோ’ ஆகும். ‘செய்’ வினையிலிருந்து வந்த ‘தெசசேர்’ (கலைத்துவிடு), ‘தெசேச்சோ’ ஆகும். எனவே பட்டியலைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் குடும்பம் குடும்பமாகப் படியுங்கள். பொரிப்பது, அச்சிடுவது போன்ற மிகச் சில வினைகளுக்கு இரண்டு வடிவங்கள் செல்லும்: ‘ஃப்ரீத்தோ’ அல்லது ‘ஃப்ரெயீதோ’, ‘இம்ப்ரேசோ’ அல்லது ‘இம்ப்ரிமீதோ’. இரண்டும் சரி.

நடுவில் எதுவும் நுழையக் கூடாது

துணைவினைக்கும் எச்சத்துக்கும் இடையே ஸ்பானிஷ் எதையும் அனுமதிப்பதில்லை என்று வைத்துக்கொண்டால் தொடக்க நிலையில் தவறு நேராது. நல்ல உரைநடையில் அரிதாக ஒரு சிறு சொல் இடையில் நுழைவதுண்டு, ஆனால் அது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

மறுப்புச் சொல் முன்னால் வரும்: ‘நோ ஏ கொமீதோ’, நான் சாப்பிடவில்லை. ‘ஏ நோ கொமீதோ’ என்பது கிடையாது. ‘எப்போதும்’, ‘ஏற்கெனவே’ போன்றவை முன்னாலோ கடைசியிலோ நிற்கும்: ‘சியேம்ப்ரே ஏ பிபீதோ அக்கீ’, எப்போதும் இங்கேதான் வாழ்ந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் நடுவில் உட்காரும். அந்தப் பழக்கத்தில்தான் ‘ஏ சியேம்ப்ரே பிபீதோ’ என்று வாயில் வருகிறது.

கேள்வியிலும் அப்படியே. ‘ரயில் வந்துவிட்டதா?’ என்பது ‘ஆ யெகாதோ எல் த்ரேன்?’. எழுவாயை நடுவில் செருகி ‘ஆ எல் த்ரேன் யெகாதோ?’ என்றால் பிழை.

‘அதை’, ‘அவளை’, ‘எனக்கு’ போன்ற சிறு சொற்கள் துணைவினைக்கு முன்னால் வரும். அதைப் பார்த்திருக்கிறேன்: ‘லோ ஏ பீஸ்தோ’. குளித்திருக்கிறேன்: ‘மே ஏ துச்சாதோ’. துணைவினைக்குக் காலம், ஆள் எதுவும் இல்லாத நிலையில் மட்டும் அவை அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும்: ‘அபேர்லோ பீஸ்தோ’, அதைப் பார்த்திருப்பது. எச்சத்தின் வாலில் ஒருபோதும் ஒட்டாது. ‘ஏ பீஸ்தோலோ’ என்று ஒரு வடிவமே இல்லை.

எச்சம் ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை எதற்கும் மாறாது. நான் எழுதியிருக்கும் கடிதங்கள்: ‘லாஸ் கார்த்தாஸ் கே ஏ எஸ்க்ரீத்தோ’. கடிதம் பெண்பால், அதுவும் பன்மை, ஆனாலும் ‘எஸ்க்ரீத்தோ’தான். புதுச்சேரி, காரைக்கால் பக்கம் பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். பிரெஞ்சில் இதே வாக்கியத்தில் எச்சம் பெண்பால் பன்மை ஆகும். அங்கே போதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற வினைகளுக்கு வேறொரு துணைவினையும் உண்டு. பழைய ஸ்பானிஷிலும் அப்படித்தான் இருந்தது, பிறகு அது வழக்கொழிந்தது. இன்றைய ஸ்பானிஷில் எல்லா வினைக்கும் அபேர் ஒன்றே.

ஆனால் அதே சொல் அபேரோடு சேராமல் ஒரு நிலையைச் சொல்ல வரும்போது பெயரடைபோல் மாறும். கதவு திறந்திருக்கிறது: ‘லா புயேர்த்தா எஸ்தா அபியேர்த்தா’. நமக்குச் சிக்கல் இங்கேதான். தமிழில் ‘திறந்திருக்கிறது’ என்பது நிலையையும் குறிக்கும், நடந்து முடிந்த செயலையும் குறிக்கும். ‘அவர் கதவைத் திறந்திருக்கிறார்’ என்றால் செயல், அதற்கு அபேர். ‘கதவு திறந்திருக்கிறது’ என்றால் நிலை, அதற்கு ‘எஸ்தார்’ என்ற வினை. யாராவது ஒருவர் செயலைச் செய்தார் என்று வாக்கியம் சொல்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

எந்தக் காலம் எதற்கு

கராகஸில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்த்ரேஸ் பெயோ 1847இல் வெளியிட்ட ஸ்பானிஷ் இலக்கணத்தில் கூட்டுக்காலங்களுக்கு மிகத் தெளிவான பெயர்களைச் சூட்டினார். ‘அந்த்தே’ என்றால் முன். நிகழ்காலத்துக்கு முந்தியது, எதிர்காலத்துக்கு முந்தியது என்று ஒவ்வொன்றுக்கும் அந்த முன்னொட்டைச் சேர்த்தார். மெக்சிகோவின் பள்ளிப் பாடங்களில் இந்தப் பெயர்களை இன்றும் காணலாம். இத்தனை வடிவங்களும் ஒரே கருத்தின் கிளைகள் என்பது அந்தப் பெயர்களிலேயே தெரிகிறது. அபேர் எந்தக் காலத்தில் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் நின்று பார்க்கிறோம். எச்சம் சொல்லும் செயல் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது.

அபேர் நிகழ்காலத்தில் இருந்தால் இந்த நொடியில் நின்று பின்னோக்கிப் பார்க்கிறோம். பெரு நாட்டுக்கு எப்போதாவது போயிருக்கிறாயா: ‘ஆஸ் எஸ்தாதோ அல்குனா பேஸ் என் பெரூ?’. இதில் தமிழும் ஸ்பானிஷும் கைகோத்து நடக்கின்றன. சிக்கல் இன்று நடந்தவற்றில் தொடங்குகிறது.

மட்ரிட் நகரத்தில் ஒருவர் ‘இன்று காலை காபி குடித்தேன்’ என்பதை ‘எஸ்தா மன்யானா ஏ தொமாதோ கஃபே’ என்று கூட்டுக்காலத்தில் சொல்வார். நேற்று குடித்திருந்தால் ‘அயேர் தொமே கஃபே’ என்று துணைவினை இல்லாத தனிக்காலத்துக்கு மாறிவிடுவார். பேசும் நேரத்தை உள்ளடக்கிய காலப்பகுதி என்றால் கூட்டுக்காலம்: இன்று ‘ஓய்’, இந்த வாரம் ‘எஸ்தா செமானா’, இந்த ஆண்டு ‘எஸ்தே ஆன்யோ’, இதுவரை இல்லை ‘தொதபீயா நோ’. முடிந்துபோன காலப்பகுதி என்றால் தனிக்காலம்: நேற்று ‘அயேர்’, நேற்றிரவு ‘அனோச்சே’, போன வாரம் ‘லா செமானா பசாதா’, அல்லது ஓர் ஆண்டு எண். பார்சிலோனா 1992இல் ஒலிம்பிக் போட்டிகளை நடத்தியது என்பதற்குக் கூட்டுக்காலம் செல்லாது, ‘ஓர்கனிசோ’ என்ற தனிவடிவமே வேண்டும்.

ஸ்பெயின் முழுவதும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். கலீசியா, அஸ்தூரியாஸ், லெயோன் பகுதிகளிலும் கனாரித் தீவுகளிலும் இன்று நடந்ததையும் தனிக்காலத்தில் சொல்பவர்கள் அதிகம். லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியும் அப்படியே. ‘சாப்பிட்டாச்சு’ என்பதற்கு ஸ்பெயினில் ‘யா ஏ கொமீதோ’ என்பார்கள், மெக்சிகோவில் ‘யா கொமீ’ என்பார்கள். தமிழிலும் ‘காலையில் காபி குடித்தேன்’ என்று தனிக்காலத்தில் சொல்வதே இயல்பு என்பதால் லத்தீன் அமெரிக்க வழக்கு நமக்கு எளிதாக வரும். ஸ்பெயினுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களும், ஸ்பெயின் வழக்கைப் பின்பற்றும் பாடநூலில் படிப்பவர்களும் ‘இன்று’ என்ற சொல்லைக் கேட்டதும் ‘ஏ, ஆஸ், ஆ’ வரும்படி வாயைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

மெக்சிகோவில் ஒரு நுட்பமான வேறுபாடும் உண்டு. ‘நோ ஆ யெகாதோ’ என்றால் அவர் இன்னும் வரவில்லை, எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். ‘நோ யெகோ’ என்றால் வரவில்லை, அத்தோடு முடிந்தது. தமிழில் இரண்டும் ‘வரவில்லை’தான், ‘இன்னும்’ சேர்த்துத்தான் பிரிக்கிறோம். பொலிவியாவிலும் பெருவின் மலைப்பகுதிகளிலும் நிலைமை எதிர்த்திசையில் போகிறது. அங்கே கூட்டுக்காலத்தை மிகத் தாராளமாக, நேற்று நடந்ததற்கும் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு இடத்தில் ஆங்கிலம் நம்மைத் திசைதிருப்பும். ‘ஐந்து வருடமாக இங்கே வசிக்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஸ்பானிஷும் அதையே செய்கிறது: ‘பீபோ அக்கீ தெஸ்தே ஆசே சிங்க்கோ ஆன்யோஸ்’. ஆங்கிலத்தில் இதற்குக் கூட்டுக்காலம் தேவை என்பதால் பலர் இங்கே ‘ஏ பிபீதோ’வைக் கொண்டுவந்து விடுகிறார்கள். தொடர்ந்துகொண்டிருக்கும் செயலுக்குத் தமிழ்க் காது சொல்வதைக் கேளுங்கள்.

அபீயா: கடந்ததற்கும் முன்னால்

இதற்கு எப்போதும் இரண்டு கடந்தகாலப் புள்ளிகள் வேண்டும். கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்தது 1492 அக்டோபரில். கிரனாதா நகரம் ஸ்பெயினின் கத்தோலிக்க அரசர்களிடம் வீழ்ந்தது அதே ஆண்டு ஜனவரியில். எனவே ‘குவாந்தோ கொலோன் யெகோ அ அமேரிக்கா, க்ரனாதா யா அபீயா கயீதோ’: கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்தபோது கிரனாதா ஏற்கெனவே வீழ்ந்திருந்தது. அக்டோபரில் நின்று ஜனவரியைப் பார்க்கிறோம்.

இங்கே தமிழ் ஒரு பொறி வைத்திருக்கிறது. ‘நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்’ என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். வந்தேன், பிறகு போய்விட்டேன் என்பதைத் தவிர வேறு எந்த நிகழ்ச்சியோடும் அதை ஒப்பிடவில்லை. ஸ்பானிஷில் இதற்கு ‘அபீயா’ வராது. ‘அயேர் ஃபூய் அ து காசா’ என்று தனிக்காலம் போதும். ‘அபீயா ஈதோ’ என்று தொடங்கினால், ‘எதற்கு முன்னால்?’ என்று கேட்பவர் காத்துக்கொண்டிருப்பார்.

மற்றொரு பொறி, பிறர் சொன்னதைச் சொல்வதில். ‘சாப்பிட்டிருக்கிறேன் என்றான்’ என்று தமிழில் அவன் பேச்சை அப்படியே வைத்து ‘என்று’ சேர்த்துவிடலாம். ஸ்பானிஷில் ‘என்று’ போல வரும் ‘கே’ போட்டுச் சொன்னால் ஆளும் காலமும் மாறும்: ‘தீஹோ கே அபீயா கொமீதோ’. அவன் ‘ஏ’ என்றது நம் வாயில் ‘அபீயா’ ஆகிறது. இதேபோல் ‘எட்டு மணிக்குள் முடித்திருப்பேன் என்றார்’ என்பதில் அவர் சொன்ன ‘அப்ரே’ நம் வாயில் ‘அப்ரீயா’ ஆகும்.

ஆண்டிஸ் மலைப்பகுதியில், கேச்சுவா, அய்மாரா மொழிகளின் சாயலால், ‘அபீயா சீதோ’ என்பது திடீரெனத் தெரியவந்த ஒன்றைக் கண்டு வியக்கவும் பயன்படுகிறது. தமிழில் ‘அட, இவனும் வந்திருக்கிறானே!’ என்பதில் உள்ள அதே வியப்பு. தேர்வில் இது வராது, ஆனால் லா பாஸ் நகரத்தில் காதில் விழலாம்.

புத்தகங்களில் மட்டும் ‘ஊபோ’ என்று தொடங்கும் மற்றொரு வடிவம் கண்ணில் படும்: ‘அபேனாஸ் ஊபோ தெர்மினாதோ’, முடித்ததுமே. பேச்சில் கிட்டத்தட்ட இல்லை. அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

அப்ரே, அப்ரீயா: முடித்திருப்பதும் ஊகிப்பதும்

‘பாரா லாஸ் ஓச்சோ அப்ரே தெர்மினாதோ’: எட்டு மணிக்குள் முடித்திருப்பேன். கெடுவைச் சொல்ல ‘பாரா’ வரும். உண்மையில் இந்தக் காலத்தை அன்றாடப் பேச்சில் அதிகம் கேட்பது ஊகத்துக்குத்தான். இந்நேரம் வந்திருப்பார்: ‘யா அப்ரா யெகாதோ’. ரயிலைத் தவறவிட்டிருப்பார்: ‘அப்ரா பெர்தீதோ எல் த்ரேன்’. எதிர்கால வடிவம் ஏன் கடந்ததை ஊகிக்கிறது என்று ஆங்கிலப் பாடநூல்கள் பக்கக்கணக்கில் விளக்கும். தமிழருக்கு அந்த விளக்கம் வேண்டாம். ‘-இருப்பார்’ என்பதும் எதிர்கால வடிவம்தானே.

நடக்காமல் போனதற்கு ‘அப்ரீயா’. நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்: ‘சி மே லோ உபியேராஸ் தீச்சோ, அப்ரீயா பெனீதோ’. தமிழில் ‘வந்திருப்பேன்’ இரண்டு வேலைக்கும் ஒரே வடிவம் என்பதால் இங்கே ‘அப்ரே’ என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. வாக்கியத்தில் ‘-இருந்தால்’ வந்தால், அல்லது மனத்தில் மறைந்திருந்தால், ‘அப்ரீயா’வைத் தேர்ந்தெடுங்கள்.

அந்த ‘-இருந்தால்’ பகுதிக்கு ‘உபியேரா, உபியேராஸ், உபியேரா, உபியேராமோஸ், உபியேராய்ஸ், உபியேரான்’ என்ற வரிசை. இதற்குச் சமமாக ‘உபியேசே’ வரிசையும் உண்டு, படிக்கும்போது அதிகம் தென்படும். ‘-ஆல்’ என்ற நிபந்தனைப் பொருள் தரும் ‘சி’க்குப் பின்னால் ‘அப்ரீயா’ போடக் கூடாது. வடக்கு ஸ்பெயினில் பாஸ்க் நாட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பேச்சில் அப்படிக் கேட்கலாம், ஆனால் எழுத்தில் அது பிழை. எதிர்ப்பக்கத்தில் மட்டும் சலுகை உண்டு: ‘அப்ரீயா பெனீதோ’வுக்குப் பதில் ‘உபியேரா பெனீதோ’ என்றும் சொல்லலாம்.

நம்பிக்கை, ஐயம், மறுப்பு போன்ற சொற்களுக்குப் பின்னால் ‘ஏ, ஆஸ், ஆ’ வரிசை ‘ஆயா, ஆயாஸ், ஆயா’ ஆகும். சாப்பிட்டிருப்பாய் என்று நம்புகிறேன்: ‘எஸ்பேரோ கே ஆயாஸ் கொமீதோ’. வந்திருப்பார் என்று தோன்றவில்லை: ‘நோ க்ரேயோ கே ஆயா யெகாதோ’. இப்படிப்பட்ட சொற்களுக்குப் பின்னால் வரும் வினைவடிவம்தான் ஐயவினை. அதன் அடிப்படை தெரிந்த பிறகு இதற்கு வருவது நல்லது.

தாய்மொழிக்காரர்களும் தடுமாறும் இரண்டு இடங்கள்

ஹெச் ஒலிக்காததால் துணைவினை ‘ஆ’வும், ‘க்கு’ என்ற பொருள் தரும் ‘அ’ என்ற இடைச்சொல்லும் காதுக்கு ஒன்றே. பின்னால் வருவது ‘ஆதோ, ஈதோ’ போன்ற எச்சம் என்றால் ஹெச் வேண்டும். ‘கொமேர்’ போல வினையின் முழு வடிவம் வந்தால் வேண்டாம்: ‘பா அ கொமேர்’, சாப்பிடப் போகிறார். ‘பார்க்கலாம்’ என்னும் ‘அ பேர்’ என்பதை ‘அபேர்’ என்று ஹெச் போட்டு எழுதிவிடுவது ஸ்பானிஷ்காரர்களிடமே பரவலான எழுத்துப்பிழை.

மற்றது, அபேர் துணைவினையாக அல்லாமல் ‘உண்டு’ என்ற பொருளில் தானே முக்கிய வினையாக வரும் இடம். ஒரு விபத்து நடந்திருக்கிறது: ‘ஆ அபீதோ உன் அக்சிதேந்த்தே’. சிக்கல்கள் பல என்றாலும் ‘ஆ அபீதோ ப்ரொப்லேமாஸ்’தான், ‘ஆன் அபீதோ’ அல்ல. பன்மையில் சொல்வது பல நாடுகளில் காதில் விழும், எழுத்தில் ஏற்கப்படுவதில்லை.

ஸ்பானிஷ் கற்பிக்கும் ஸ்பெயின் அரசு அமைப்பான செர்வான்தெஸ் நிறுவனத்தின் பாடத்திட்டம் ‘ஏ’ வரிசையை அடிப்படை நிலையான ஏ2விலும் ‘அபீயா’வை இடைநிலையான பி1இலும் வைத்திருக்கிறது. மற்றவை அதற்குப் பிறகு. அந்த வரிசையிலேயே பழகலாம். பயிற்சிக்கு ஒழுங்கு மீறும் எச்சங்களில் நான்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் நான், நீ, அவர் என்று ‘ஏ’ வரிசையில் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘நோ’ சேர்த்தும், ‘லோ’ சேர்த்தும், இரண்டையும் சேர்த்தும் மாற்றுங்கள்: ‘ஏ ஏச்சோ’, ‘நோ ஏ ஏச்சோ’, ‘லோ ஏ ஏச்சோ’, ‘நோ லோ ஏ ஏச்சோ’. கடைசி வாக்கியம் தயங்காமல் வந்த பிறகு ‘ஏ’யை எடுத்துவிட்டு ‘அபீயா’வைப் போட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.